துணைவர் தாமே எழுத வேண்டியது

அன்று மாலை எப்படியும் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இதே முடிவை அதற்கு முன் பதினெட்டு மாலைகளில் எடுத்திருக்கிறேன். முடிவெடுப்பதில் என்னிடம் ஒரு குறையும் கிடையாது. மாலைகள்தான் ஒத்துழைக்கவில்லை.

இந்த முறை தப்பிக்க வழியில்லை. கையில் பேராயரின் கடிதம் இருந்தது.

"அன்புள்ள தம்பி, உங்கள் படிவத்தின் நான்காம் பகுதியை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வரும் சனிக்கிழமை, இந்த ஆண்டு ஆயர் பட்டம் பெறுகிறவர்களின் குடும்பங்கள் எல்லாம் கூடுகின்றன. அந்தப் பக்கத்தை எழுதியவரே அங்கே எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்."

இதில் ஒரு சின்னச் சிக்கல். நான்காம் பகுதி என்பது மனைவி எழுத வேண்டிய பகுதி. அதை எழுதியவன் நான்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன். நாற்பது வயதில் ஆயராக வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் அழைப்பு. மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உண்மையாவே தோணுதா, இல்ல மேனேஜர் திட்டினாரா?"

"உண்மையாவே தோணுது."

"அப்ப போய்ப் படிங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்."

மூன்று வருடம் நான் இறையியல் கல்லூரியில் படித்தேன். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அதோடு வேலையையும் பார்த்தாள். மருத்துவமனையின் பின்கட்டில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை இருக்கிறது. அதற்கு அவள்தான் பொறுப்பு. மாவுக்கட்டுப் போட்டு அளவெடுப்பது, அச்சு வார்ப்பது, அரம் போட்டுத் தேய்ப்பது, வார் பூட்டுவது, பிறகு அந்த மனிதர் சுவரைப் பிடிக்காமல் நாலடி நடக்கும்வரை கூடவே நடப்பது. வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் வெள்ளை மாவு. வெள்ளை அங்கிக்காகப் படித்துக்கொண்டிருந்தவன் நான். தினமும் வெள்ளையாக வந்தவள் அவள்.

"நீ தினமும் எத்தனை பேர் காலைப் பிடிக்கிறே?" என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன்.

"ஆறேழு பேர். நீங்களும் நாளைக்கு ஆயரானா பிடிக்கணும். நான் அளவெடுக்கப் பிடிக்கிறேன். நீங்க எதுக்குன்னு போகப் போகத் தெரியும்."

அவளிடம் குழந்தைகள் நிறையப் பேர் வருவார்கள். குழந்தை வளரும், செய்து கொடுத்த கால் வளராது. வருடா வருடம் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏழு வருடத்தில் ஆறு கால். என் மனைவிக்குக் கீழே இரண்டு பேர் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேற இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

இந்த நேரத்தில்தான் பணி நியமன விருப்பப் படிவம் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு தாள் வரும். அதில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். வீடு, தெரு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். அதனால்தான் படிவத்தில் நான்காம் பகுதி என்று ஒன்று வைத்திருந்தார்கள். "துணைவர் தாமே, தம் கைப்பட எழுத வேண்டியது. உங்கள் வேலை, பிள்ளைகளின் படிப்பு, கவலைகள் எதையும் தயங்காமல் எழுதலாம்."

'தயங்காமல்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது.

காரணம், எனக்கு ஓர் ஊர்மேல் கண். ஏழு மணி நேரப் பயணத்தில் ஒரு மலை. அங்கே ஏழு சிறிய சபைகளுக்கு ஆயர் இல்லை. மற்ற இடங்களுக்குப் போனால் முதல் மூன்று வருடம் உதவி ஆயர். பெரிய ஆயருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மலைக்குப் போனால் முதல் நாளே தனி ஆயர். பையை நானே தூக்கினாலும் அது என் பை. அழைப்பு மேலேயிருந்து வந்ததுதான். ஆனால் ஊரைத் தேர்ந்தெடுத்தது என் தலைக்கனம்.

இரண்டு வாரம் படிவம் என் பைக்குள்ளேயே குடியிருந்தது. கடைசி நாள் கல்லூரி உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். கூடப் படிக்கும் நெட்டையன் வந்தான். ஆறடி மூன்றங்குலம். வாசற்படிகளில் எல்லாம் தலைவணங்கி வணங்கியே பக்திமான் என்று பெயர் வாங்கியவன்.

"அண்ணே, அண்ணி எழுதிட்டாங்களா?"

"இன்னும் காட்டலை."

"ஏன்?"

"காட்டினா எழுதிடுவா."

"நாலு மணிக்குள்ள குடுக்கணுமே?"

"அதான் யோசிக்கிறேன்."

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? அண்ணி மனசுல இருக்கறதை நீங்க எழுதுங்க. கணவனும் மனைவியும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். அந்த ஒன்று நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, மனைவியாக இருப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று. "எந்த ஊர் என்று நான் கேட்கமாட்டேன். மூட்டை கட்ட எத்தனை நாள் என்று மட்டும் கேட்பேன். என் கணவரின் பணியே என் பணி. என் வேலை எனக்கு ஒரு பொழுதுபோக்குதான். அதை எந்த நிமிடமும் விட்டுவிட ஆயத்தமாக இருக்கிறேன்." இப்படி ஒரு பக்கம். அடியில் அவள் கையெழுத்தையும் போட்டேன்.

நெட்டையன் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். "அண்ணே, இதை ஒரு போட்டோ எடுத்துக்கறேன். மனசைத் தொடுது."

எடுத்துக்கொண்டான். நான் பெருமைப்பட்டேன். என்ன ஜென்மம் நான்!

இனி, அந்தப் பத்தொன்பதாம் மாலை. மனைவி சாப்பாட்டு மேஜைமேல் தோல் வார்களைப் பரப்பி, ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிற மகள் எதிரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையே. ஃபேன் போடலாமான்னு பாத்தேன்."

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"ஆமா. நல்லா ஓடுது."

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு வாரை இழுத்தாள். அது அறுபடவில்லை. நான்தான் அறுந்துபோனேன்.

மறுநாள் காலை பேராயர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது செயலாளர் அம்மா. மூன்று பேராயர்களைப் பார்த்தவர்.

"அம்மா, சனிக்கிழமை என் மனைவியால வாசிக்க முடியாது. தொண்டை கட்டிருச்சு. குரலே வரலை."

"ஐயோ பாவம். சுத்தமா வரலையா?"

"சுத்தமா."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"வீடு அமைதியா இருக்குமே?"

"அப்படித்தான் இருக்கு."

"சரி, கவலைப்படாதீங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல நிறுத்துங்க. நீங்களே வாசிச்சிருங்க. எழுதினது அவங்கதானே, யார் வாசிச்சா என்ன?"

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மனைவி பக்கத்தில் நிற்க, அவள் எழுதாத கடிதத்தை அவள் எழுதியதாக நான் வாசிக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், என் அங்கி தையற்கடையோடு நின்றுவிடும். ஆகவே அவள் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று வருடம் இறையியல் படித்த மூளை அன்று முழுவதும் இதற்காகவே உழைத்தது. சாயங்காலம் போய்ச் சொன்னேன்.

"சனிக்கிழமை குடும்பக் கூட்டம் இருக்கு. ரொம்பப் புனிதமான கூட்டம். மௌனமா இருக்கணும்."

"எல்லாருமா?"

"இல்ல... வந்து... மனைவிமார் மட்டும்."

"புருஷன்மார் பேசலாமா?"

"பேசலாம்."

"இதை யார் கண்டுபிடிச்சாங்க?"

"பழைய காலத்துலேர்ந்து வருது."

"நல்ல அனுபவசாலியாத்தான் இருந்திருப்பார். எவ்வளவு நேரம்?"

"உள்ளே நுழைஞ்சதுலேர்ந்து கடிதம்... அதாவது கூட்டம் முடியறவரைக்கும்."

"சரிங்க."

'சரிங்க' என்றாள். பதினேழு வருடத் தாம்பத்தியத்தில் மறுபேச்சு இல்லாமல் அவள் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைப்பவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை. நீளமான கூடம், மடக்கு நாற்காலிகள், மேடையில் ஒரு மைக். மகளும் வந்திருந்தாள். செயலாளர் அம்மா வாசலிலேயே ஒரு குவளை வெந்நீரோடு நின்றார். "பேசாதீங்க, பேசாதீங்க!" என்று மனைவியின் கையில் கொடுத்தார். மனைவி அடக்கமாகத் தலையசைத்தாள். அதற்குள் விஷயம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. குரல் போனவர்களிடம் எல்லாரும் ஏன் கத்திப் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆளாளுக்கு அவள் காதருகே வந்து அலறினார்கள். மற்ற மனைவிமார் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு என் மனைவி என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினாள்.

"அவங்க எல்லாம் புதுசு. பழக்கமில்லை," என்று கிசுகிசுத்தேன்.

பேராயர் என்னை அழைத்தார். மேடை ஏறினேன். பக்கத்தில் மனைவி. எதிரே நாற்பது பேர். முதல் வரிசையில் மகள். செயலாளர் அம்மா அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். தாள் கனமாக இருந்தது.

வாசிக்க ஆரம்பித்தேன். உணவகத்தில் இனித்த வரிகள். மைக்கில் அவை வேறு மாதிரிக் கேட்டன. 'எந்த ஊர் என்று நான் கேட்கமாட்டேன்' என்றபோது தாளை முகத்துக்கு நெருக்கிப் பிடித்தேன். 'என் கணவரின் பணியே என் பணி' என்றபோது மனைவியின் கைகள் கண்ணில் பட்டன. நகக்கண்களில் வெள்ளை மாவு. காலையிலும் ஒரு கால் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அடுத்த வரி எனக்குத் தெரியும். அதைத் தாண்டி அதற்கடுத்த வரிக்குக் குதித்தேன்.

"தம்பி, ஒரு வரி விட்டுட்டீங்க," என்றார் பேராயர் மெதுவாக.

வாசித்தேன். "என் வேலை எனக்கு ஒரு பொழுதுபோக்குதான்."

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நெட்டையனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழுதிருந்தாள்.

"அக்கா, குரல் இல்லேன்னா தலையை மட்டும் ஆட்டுங்க. இதை நீங்க நிஜமாவே மனசார எழுதினீங்களா? இவர் உங்க லெட்டரைப் போனில காட்டிக் காட்டியே, 'பாரு, அவங்க எப்படி, நீ எப்படி'ன்னு கேட்டார். திங்கட்கிழமை நான் வேலைக்குக் கால் கடுதாசி குடுத்துட்டேன். எனக்கு உங்க அளவுக்கு மனசு இல்லையேன்னு அஞ்சு நாளா வெக்கமா இருக்குக்கா."

நெட்டையன் தரையைப் பார்த்தான். அவ்வளவு உயரத்திலிருந்து தரையைப் பார்க்க நேரம் எடுக்கும்.

வெட்கப்பட வேண்டியவன் நான். பட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெண். என் மனைவி தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றேன் அந்த டீச்சரிடம். மைக் கீச்சென்று கத்தியது. "இதை இவ எழுதலை. நான் எழுதினேன். இவளுக்குத் தெரியாது. குரலும் போகலை. மௌன விரதமும் கிடையாது. எல்லாம் நான் சொன்ன பொய்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். செயலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

"எழுதினவரே வாசிக்கணும்னுதான் கேட்டிருந்தேன்," என்றார் பேராயர். "வாசிச்சிட்டீங்க."

"ஐயா... உங்களுக்குத் தெரியுமா?"

செயலாளர் அம்மா பதில் சொன்னார். "படிவம் வந்ததும் ஒவ்வொரு துணைவருக்கும் நான் போன் போடுவேன், தம்பி. பத்து வருஷப் பழக்கம். உங்களை மாதிரி வருஷத்துக்கு ரெண்டு பேர் தேறுவாங்க. ஆனா மனைவி குரலையே பிடுங்கினது நீங்க ஒருத்தர்தான்."

மனைவி மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். குரல் வெந்நீர் குடித்ததில் இன்னும் தெளிவாக இருந்தது.

"மூணு வாரமா எனக்குத் தெரியும். அவரே சொல்லுவார், கொஞ்சம் பொறுங்கன்னு நான்தான் ஐயாகிட்டக் கேட்டேன். தினமும் சாயங்காலம் பக்கத்துல வந்து நிப்பார். நானும் வார்களை வச்சுக்கிட்டுக் காத்திருப்பேன். இவர் ஃபேனைப் பத்திப் பேசிட்டுப் போயிடுவார்."

கூடம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அந்த மேடையில் நான் இல்லாமல் இருந்திருந்தால்.

பிறகு அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவளே எழுதிய நான்காம் பகுதி. கோணல்மாணலான எழுத்து. வாசித்தாள். "அவர் ஆசைப்படும் மலை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். அங்கே ஒரு கல்குவாரி இருக்கிறது. அங்கிருந்து வருடத்துக்குப் பத்துப் பேராவது ஏழு மணி நேரம் பேருந்தில் என்னிடம் வருகிறார்கள். அவர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நானும் ஒருநாள் அங்கே போவேன். இப்போது அல்ல. என்னிடம் கற்கும் இருவர் தேற இரண்டு வருடம் ஆகும். மகளின் பள்ளிப்படிப்பு முடியவும் இரண்டு வருடம். அதுவரை அவர் போகட்டும், நாங்கள் இங்கே இருப்போம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் கருவிகளோடு ஒரு வாரம் வருவேன். எனக்கும் இது கஷ்டம்தான். அவர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்காது. ஆனால் கஷ்டம் என்று எழுத இந்தப் படிவத்தில் இடம் இருப்பதால் எழுதுகிறேன்."

நான் எழுதியதைவிடப் பாதி நீளம்தான். கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் துடைத்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கியபோது மகள் என் கையிலிருந்த தாளை வாங்கி முழுதும் படித்தாள்.

"இதுல நான் எங்கேப்பா?"

தேடினேன். முப்பத்திரண்டு வரி. ஒரு வரியில்கூட அவள் இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணை மூட்டையோடு மூட்டையாகக் கட்டிவிட்டிருந்தேன். இந்தக் கதையில் வேறு எதை நினைத்தாலும் இப்போது சிரிப்பு வருகிறது. இதை நினைத்தால் வருவதில்லை.

திங்கட்கிழமை நெட்டையனையும் அழைத்துக்கொண்டு அவன் மனைவியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை அம்மாவிடம் கால் கடுதாசியைத் திரும்பக் கேட்டேன்.

"நீங்க யாரு?"

"அந்த டீச்சர் மனசை மாத்தின லெட்டரை எழுதினவன்."

"யாரா இருந்து எழுதினீங்க?"

"என்... மனைவியா இருந்து."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை அளந்தார். இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து மேஜைமேல் போட்டார். "மேலே அனுப்பலை. அழுதுகிட்டே குடுக்கற கடுதாசியை நான் ஒரு வாரம் தொடமாட்டேன். இங்கே நீங்க ரெண்டு பேரும் உக்காந்து, அந்தப் பொண்ணு வந்து தன் கையால இதைக் கிழிக்கறதைப் பாத்துட்டுப் போங்க."

டீச்சர் வந்தாள். கிழித்தாள். எட்டாகக் கிழித்தாள், கணக்காக. நெட்டையன் அங்கேயே, பிள்ளைகள் பார்க்க, அவளிடம் மன்னிப்புக் கேட்டான். இப்போது அவன் இந்த ஊரிலேயே உதவி ஆயர். பெரிய ஆயரின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.

என் நியமனத் தாளும் வந்தது. மலைதான். தனி ஆயர்தான். மிகவும் தனி.

பேருந்து நிலையத்துக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் என் பையில் சமையல் குறிப்புகள் எழுதிய நோட்டு ஒன்றை வைத்தாள். முதல் பக்கத்தில் 'வெந்நீர் வைப்பது எப்படி' என்று எழுதியிருந்தது. நான் மனைவியின் கையைப் பிடித்தேன்.

"என்னை மன்னிச்சிடு."

"மன்னிக்கறது உங்க டிபார்ட்மென்ட். நான் கால் டிபார்ட்மென்ட்." பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டாள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க. என்ன நடந்தாலும் அப்படியே சொல்லுங்க. அழகா எழுதிடாதீங்க."

ஏழு மணி நேரம் கழித்து, மத்தியானம் மலையில் இறங்கினேன். ஆயர் இல்லத்து வாசலைப் பார்த்ததும் நெஞ்சு விம்மியது. முப்பது பேருக்கு மேல் வரிசையாக நின்றிருந்தார்கள். சிலர் ஊன்றுகோலோடு, சிலர் மரப்பெஞ்சில் உட்கார்ந்தபடி. இப்போதுதான் பட்டம் பெற்று வந்த புது ஆயருக்கு இவ்வளவு பெரிய வரவேற்பா! கொண்டுவந்த அங்கியைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பி, மனப்பாடம் செய்திருந்த பேச்சை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

முன்னால் நின்ற ஒரு பெரியவர் கம்பீரமாக நடந்து வந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பேருந்து போய்விட்டது. வேறு யாரும் இறங்கவில்லை.

"அம்மா வரலீங்களா?"

"அடுத்த மாசம் வருவா. நான்தான்..."

அவர் திரும்பி வரிசையைப் பார்த்து, "அடுத்த மாசமாம்ப்பா!" என்று குரல் கொடுத்தார். வரிசை கலைந்தது. பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் நானும் என் பெட்டியும் அவரும்தான் மிச்சம். பாவம், நல்ல மனிதர். என்னைத் தனியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே அன்பாக விசாரித்தார்.

"நீங்க அவங்ககிட்ட என்னவா வேலை பாக்கறீங்க, தம்பி?"